பாட்டு யாரு பேர்ல விழுது?

வாசகர் கேள்வி, கிட்டார் மாமா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஜிம் ரீவ்ஸ்ங்கிற அமெரிக்கப் பாடகர் பத்தி ரெண்டே வரி எழுதினேன், அந்த மனுஷன் 1964ல தானே ஓட்டிப்போன சின்ன பிளேன் விழுந்து செத்துட்டாரு, ஆனா நம்ம நாட்டுல இன்னும் கிறிஸ்மஸ் வந்தா அவரு குரல் கேக்காம விடியாதுன்னு, அவ்வளவுதான். குளவிக்கூட்டுல கல்லெறிஞ்ச கதையா கடிதாசியும் வாட்ஸ்அப் வொய்ஸும் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாரும் சுத்திச்சுத்தி கேக்குறது ஒண்ணுதான், கன்ட்ரி மியூசிக்க, அதான் அவரு பாடின அமெரிக்க நாட்டுப்புறப் பாட்ட, நம்பி பொழைக்க முடியுமா. அதனால இந்த மாசப் பக்கம் முழுக்க அதுக்கே. கீபோர்ட் ரிப்பேர் கேட்ட கொட்டகலை அக்கா கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் மொத ஆள் நீங்கதான்.

*

மாமா, எனக்கு 23 வயசு, நுவரெலியாவுல ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை. யூடியூப் பாத்துத்தான் கிட்டார் பழகினேன், கன்ட்ரி பாட்டுன்னா உசிரு. தொப்பி, பூட்ஸ் எல்லாம் வாங்கிட்டேன். ரெண்டு வருஷத்துல மூணு ஷோ, அதுல ஒண்ணுக்கு சாப்பாடு மட்டும்தான் தந்தாங்க. அம்மா "கொழுந்தெடுக்கிறவ மகனுக்கு கவ்போய் தொப்பி எதுக்குடா"ன்னு கேக்குறாங்க. வேலைய விட்டுட்டு கொழும்புக்குப் போய் முழுசா இறங்கிறவா?
தம்பி ஒருத்தர், தலவாக்கலை

தம்பி, தொப்பிய வச்சுக்கோ, மழைக்கு ஆகும். வேலைய விடாத.

கார்த் ப்ரூக்ஸ்னு ஒருத்தர் இருக்காரு, அமெரிக்காவுல அவரளவுக்கு ஆல்பம் வித்தவங்கள விரல் விட்டு எண்ணிரலாம், அப்பேர்ப்பட்ட ஆளு 1985ல ஒக்லஹோமாவுலருந்து கிளம்பி நாஷ்வில் போனாரு, அந்த ஊருதான் இந்தப் பாட்டுக்கு கோடம்பாக்கம், போன மனுஷன் 24 மணித்தியாலம் கூட தாக்குப்பிடிக்கல, ஊரப் பாத்து மெரண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிட்டாரு. 1987ல மறுபடி போனாரு. பெரிய கம்பனிங்க வேணாம்னு அனுப்பிட்டாங்க. ப்ளூபேர்ட் கபேன்னு ஒரு சின்ன இடம், 90 பேர் உக்காந்தா மூச்சு முட்டும், அங்க பாடினப்பத்தான் ஒரு கம்பனிக்காரர் காதுல விழுந்துச்சு, 1989ல மொத ஆல்பம் வந்துச்சு. அது வரைக்கும் சோத்துக்கு என்ன பண்ணாரு தெரியுமா, பூட்ஸ் கடையில வேலை. நீ வாங்கினது, அவரு வித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னால பெரிய பாட்டுக்காரரான கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் கதை இன்னும் வேடிக்கை. ஒக்ஸ்ஃபர்ட்ல படிச்சவரு, ஆமில கெப்டன், ஹெலிகொப்டர் ஓட்டத் தெரியும். 1965ல அத்தனையும் உதறிட்டு நாஷ்வில்லுக்கு வந்து ஒரு ரெக்கோர்டிங் ஸ்டூடியோவுல தரை கூட்டினாரு, சிகரெட் சாம்பல் தட்டு கழுவினாரு. வீட்டுல பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. அவரு வேலைய விட்டாரேன்னு நீ கேப்ப. விட்டாருதான், ஆனா உடனே தும்புத்தடியக் கையில எடுத்தாரு, அது பத்தாம கடல் நடுவுல இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகொப்டர் ஓட்டியும் சம்பாதிச்சாரு. பாட்டு நடக்குற இடத்துக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு வேலை, அதான் அவரு பண்ணது. உனக்கு ஏற்கனவே அப்படி ஒரு வேலை இருக்கு, ஹோட்டல் கிச்சன், பத்து அடி தள்ளி மேடை. கொடுத்து வச்சவன்டா நீ.

என் கதையும் சொல்லிர்றேன். நான் 22 வருஷம் தோட்டத்து ஆபிஸ்ல கிளாக்கர், சனிக்கிழமை ராத்திரி மட்டும் நுவரெலியாவுல கிட்டார். ஏப்ரல் சீசன்ல ஊரே ஜேஜேன்னு இருக்கும், கொழும்பு சனம் முழுக்க குளிரத் தேடி இங்க வந்துரும், பத்துப் பதினஞ்சு நாள் தொடர்ந்து வாசிப்பு, தூக்கமே கிடையாது, மே மாசம் பொறந்தா ஈ ஓட்டணும். ஒரு வருஷம் சீசன் முழுக்க வாசிச்சும் ஒரு இடத்துல "அடுத்த கிழமை அடுத்த கிழமை"ன்னு ஆடி மாசம் வரைக்கும் இழுத்தடிச்சு கடைசில பாதிச் சல்லிதான் கைக்கு வந்துச்சு. அன்னைக்கு ஆபிஸ் சம்பளம் இல்லாட்டி வீட்டுல ரொட்டிக்கு மாவு இல்ல.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அந்த மூணு ஷோவுலயும் எத்தன பாட்டு உன் சொந்தப் பாட்டு? ரெண்டு பக்கக் கடிதாசில தொப்பி வருது, பூட்ஸ் வருது, அம்மா வர்றாங்க, நீ எழுதின பாட்டு ஒண்ணு கூட வரல. குத்தமா சொல்லல, நானும் அப்படித்தான் இருந்தேன். டெக்ஸஸ்காரன் மாதிரியே மூக்கால இழுத்து இழுத்துப் பாடுவேன், கண்ண மூடிக் கேட்டா வெள்ளைக்காரன்னு சொல்வாங்க, அதுல எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு நாள் டூரிஸ்ட் அம்மா ஒருத்தங்க வந்து நல்லா இருந்துச்சு, உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்களேன்னாங்க. முழிச்சேன். எங்க அப்பாயி கொழுந்தெடுக்கிறப்ப முணுமுணுக்கிற பாட்டுல நாலு வரி ஞாபகம் வந்துச்சு, ஜி, சி, டின்னு மூணு கோர்ட்ல, அதான் கிட்டார்ல சேர்த்து வாசிக்கிற சுரக்கூட்டுல, போட்டுப் பாடினேன். அந்த அம்மா மரியாதைக்குக் கை தட்டினாங்க. ஆனா உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த பையன் சோப்புக் கையோட வந்து கதவுல சாஞ்சு நின்னு கேட்டான், போறப்ப "அண்ணே, மிச்சப் பாட்டு எங்க"ன்னான். மிச்சம் எனக்குத் தெரியல. அப்பவாவது புத்தி வந்துச்சா, இல்ல, அடுத்த சனிக்கிழமை மறுபடி ஜிம் ரீவ்ஸ்.

அதனால நீ ஒரு வருஷம் எடு. கிச்சன்ல இருந்துக்கிட்டே பத்துப் பாட்டு எழுது, தமிழ்ல எழுது. விடியக்காத்தால மொத பஸ்ஸுல தூங்கி விழுறத எழுது, வெங்காயம் உரிக்கிறத எழுது, அம்மா தொப்பியப் பாத்து சொன்னத எழுது, அந்த ஒரு வரிலயே பாதிப் பாட்டு இருக்கு. ஹார்லன் ஹோவர்ட்னு ஒரு பாட்டுக்காரர் கன்ட்ரி பாட்டுன்னா மூணு கோர்டும் உண்மையும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூணு கோர்டு உன்கிட்ட இருக்கு. கொழும்புக்குப் போறதும் தப்பில்ல, அங்க 80களின் கடைசியிலருந்து கன்ட்ரி ரோட்ஸ்னு புள்ளைங்களுக்கு நிதி சேர்க்கிற கச்சேரி நடத்துறாங்க, கேக்குற சனம் அங்க இருக்கு. பாட்டு பத்து சேர்ந்ததும் பஸ் ஏறு, அதுவும் லீவு போட்டுட்டு.

*

ஐயா, நம்ம காமன் கூத்தும் தப்பு மேளமும் தேய்ஞ்சுகிட்டு வர்ற நேரத்துல நீங்க வெள்ளைக்காரன் மாட்டுக்காரப் பாட்ட பத்தி எழுதுறது நியாயமா? துரை போனாலும் துரை மோகம் போகலையோ?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

சேர், பிரம்பால அடிச்ச மாதிரி இருக்கு, வாங்கிக்கிறேன். ஆனா அது முழுக்க வெள்ளைக்காரன் பாட்டுன்னு சொன்னீங்களே, அங்கதான் நான் கைய தூக்குறேன்.

பான்ஜோங்கிற தந்தி வாத்தியம் இல்லாம கன்ட்ரி இல்ல, அந்த பான்ஜோ மேற்கு ஆபிரிக்காவுலருந்து அடிமையா கொண்டுவரப்பட்ட சனங்களோட வாத்தியத்துலருந்து வந்தது. அழுற மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுமே ஸ்டீல் கிட்டார், அது ஹவாய்த் தீவுக்காரங்களோடது. கன்ட்ரி பாட்டுல பெரிய ஆளான ஹாங்க் வில்லியம்ஸுக்கு சின்ன வயசுல பாட்டு சொல்லித்தந்தது ரூஃபஸ் பெய்ன்னு தெருவுல பாடுற ஒரு கறுப்பினத்தவர். கார்ட்டர் குடும்பம்னு 1927ல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல தங்களோட மொத ரெக்கோர்ட பண்ணினவங்க, அதுல ஏ.பி. கார்ட்டர் மலைமலையா ஏறி வீடு வீடாப் போய்ப் பழைய பாட்டு சேர்ப்பாரு, அவருகூட லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பின கிட்டார்காரரும் போவாரு, வரிய ஒருத்தர் எழுதிக்க மெட்ட இவரு மனசுல புடிச்சுக்கிட்டு வருவாரு. பாட்டு ஊரோட பாட்டு, மெட்ட சுமந்தவரு ரிடில், ரெக்கோர்ட்ல விழுந்த பேரு கார்ட்டர். இது எங்கயோ கேட்ட கதையா இல்லையா சேர்?

டீஃபோர்ட் பெய்லின்னு ஒருத்தர், மவுத் ஓர்கன்ல ரயில் ஓடுற சத்தத்த அப்படியே கொண்டுவருவாரு, கிராண்ட் ஓல் ஒப்ரிங்கிற ரேடியோ மேடையோட மொத கறுப்பின நட்சத்திரம் அவருதான். 1941ல நிப்பாட்டிட்டாங்க. பாட்டு உரிமைக் கம்பனிங்களுக்கும் ரேடியோக்காரங்களுக்கும் சண்டை, அவரு வழக்கமா வாசிக்கிற பாட்டெல்லாம் அந்தச் சண்டையில மாட்டிக்கிச்சு, ஆளு வெளிய. அதுக்குப் பிறகு சப்பாத்து பொலிஷ் போடுற கடை வச்சுப் பொழைச்சாரு. 1982ல செத்தாரு, 2005லதான் கன்ட்ரி மியூசிக் ஹோல் ஒஃப் ஃபேம்ங்கிற பெருமைப் பட்டியல்ல பேர் எழுதினாங்க.

இன்னொண்ணும் சொல்றேன், உங்களுக்குப் புடிக்கும். அந்த ஒப்ரி நிகழ்ச்சி 1925 நவம்பர் 28ம் திகதி ஒரு இன்சூரன்ஸ் கம்பனியோட ரேடியோவுல தொடங்கிச்சு. நம்ம கொழும்பு ரேடியோ அதே வருஷம் டிசம்பர் 16. பதினெட்டே நாள்தான் நடுவுல. அங்க காட்டுமலைச் சனங்க ஃபிடில தூக்கிட்டு நேரா மைக்குக்கு முன்னால வந்து நின்னாங்க, நம்ம தோட்டத்து லய வீட்டுல தப்படிச்சவருக்கும் கொழும்பு மைக்குக்கும் எவ்வளவு தூரம் இருந்துச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை லயத்துப் பாட்டுங்கள கேட்டு எழுதி வச்சதால ஒரு பங்காவது மிஞ்சிச்சு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோட மனைவி மீனாட்சி அம்மா தோட்டத்துக் கூட்டங்கள்ல தானே பாட்டுக் கட்டிப் பாடினாங்க, சங்கத்துக்கு ஆள் சேர்த்த பாட்டு அது. நான் அந்தத் தம்பிகிட்ட சொல்றதும் அதேதான் சேர், மூணு கோர்ட அவங்ககிட்டருந்து எடுத்துக்கோ, பாட்ட நம்ம மலையிலருந்து எடு. நீங்களும் ஒரு உதவி பண்ணுங்க, உங்க ஊர்ல காமன் கூத்து பாடத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணி வைங்க, அவங்க பேரையும் ஊரையும் கட்டாயம் அதுல சொல்ல வைங்க.

*

தம்பி, மகளுக்கு 17 வயசு, ஏ.எல். படிக்கிறா. குரல் நல்ல குரல். யாரோ ஒரு பேண்ட்காரங்க ராத்திரி ஷோவுக்குக் கூப்பிடுறாங்களாம். அனுப்பவா வேணாமா? அவ அப்பா கிட்டார வாங்கித் தந்துட்டு இப்ப எதுவுமே பேச மாட்டேங்கிறாரு.
அம்மா ஒருத்தர், மஸ்கெலியா

அக்கா, மொதல்ல ஏ.எல். டொலி பார்ட்டன்ங்கிற கன்ட்ரி பாடகி டென்னசி மலைக்காட்டுல பன்னிரண்டு புள்ளைங்கள்ல ஒருத்தியா வளர்ந்தவங்க, 1964ல ஸ்கூல் முடிஞ்ச மறுநாள் நாஷ்வில்லுக்கு பஸ் ஏறினாங்க. மறுநாள் அக்கா. முந்தின நாள் இல்ல.

லொரெட்டா லின் கதைய உங்க மகளுக்கு சொல்லுங்க, கேட்டா நம்ம கதை மாதிரியே இருக்கும். கென்டக்கி மலையில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட மக, 15 வயசுல கல்யாணம், 20 வயசுக்கெல்லாம் நாலு புள்ளை. புருஷன் 17 டொலருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தந்தாரு. 1960ல மொத ரெக்கோர்ட், கம்பனி சின்னக் கம்பனி, விளம்பரத்துக்கு சல்லி கிடையாது, புருஷனும் பொண்டாட்டியும் கார்ல ரெக்கோர்டுகள போட்டுக்கிட்டு ஊர் ஊரா ரேடியோ ஸ்டேஷன் கதவ தட்டினாங்க, கார்லயே தூக்கம், பாணுக்கு நடுவுல எதையோ வச்சு சாப்பாடு, அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியல்ல 14ம் இடம் வந்துச்சு. 1972ல அந்தத் துறையோட பெரிய விருது, வருஷத்தோட சிறந்த கலைஞர்ங்கிறத வாங்கின மொத பொம்பளை அவங்க. 1975ல கருத்தடை மாத்திரை பத்திப் பாடினப்ப நெறைய ரேடியோ அந்தப் பாட்ட போட மாட்டோம்னுட்டாங்க, போடாதது தான் விளம்பரமாச்சு.

பொம்பளைப் புள்ளைக்கு அந்தத் துறையில சமமான இடம் இருக்குன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். 2015ல ஒரு ரேடியோ ஆலோசகர் வெளிப்படையாவே சொன்னாரு, கன்ட்ரி ரேடியோங்கிற சலாதுல ஆம்பளப் பாடகருங்கதான் இலை, பொம்பளைங்க மேல தூவுற தக்காளின்னு, ரெண்டு பொம்பளைப் பாட்ட அடுத்தடுத்துப் போடாதீங்கன்னு. அங்கயே அப்படின்னா இங்க எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

ராத்திரி ஷோவுக்கு 18 முடியுற வரைக்கும் நீங்களோ அப்பாவோ கூடப் போகாம அனுப்பாதீங்க. எத்தன மணிக்கு முடியும், வாகனம் யாரு, சல்லி எவ்வளவு, மூணும் முன்னாலயே வாட்ஸ்அப்ல எழுத்துல வரணும், வொய்ஸ்ல இல்ல. எழுதித் தர யோசிக்கிற பேண்டா இருந்தா அவங்க பாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் நமக்கு வேணாம். அப்பா பேசாம இருக்காருன்னு எழுதியிருக்கீங்க, கிட்டார் வாங்கித் தந்தவரு பேசிட்டாருன்னுதான் நான் எடுத்துக்குறேன்.

*

சுருக்கமா சொல்லுங்க, மாசம் எவ்வளவு வரும்?
நானுஓயா

சுருக்கமா சொன்னா, வர்ற மாசம் வரும், வராத மாசம் வராது.

கொஞ்சம் விரிவா சொன்னா, ஸ்பொடிஃபை 2021ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, பாட்டு ஏத்துறது லேசு, ஆனா 2024லருந்து ஒரு பாட்ட பன்னெண்டு மாசத்துல 1,000 தடவையாவது கேட்டிருந்தாத்தான் அதுக்குக் கணக்கே திறப்பாங்க. யூடியூப்ல விளம்பரச் சல்லி வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபரும் பன்னெண்டு மாசத்துல 4,000 மணித்தியாலம் பாத்த கணக்கும் வேணும், ஷோர்ட்ஸ் போடுறவங்கன்னா 90 நாள்ல 1 கோடி வியூஸ். அடுத்தவங்க பாட்ட பாடிப் போட்டா அதுல வர்ற வருமானம் அனேகமா பாட்டுக்குச் சொந்தக்காரங்க பக்கம் போயிரும். அமெரிக்காவுல ஒரு வேடிக்கை இருக்கு, ஏ.எம்., எஃப்.எம். ரேடியோவுல ஒரு பாட்டு ஓடினா எழுதினவருக்கு சல்லி போகும், பாடினவருக்கு ஒரு சதம் கிடையாது. பாடகருக்குப் பேரு, எழுதினவருக்குச் சோறு.

நம்ம ஊர் நிலவரம் என்னன்னா, கல்யாண வீடு, பொறந்தநாள், ஏப்ரல் சீசன், எல்ல ஊர்ப் பக்கம் டூரிஸ்ட் கபே, இதெல்லாம் கையில காசு. ஆனா நான் பாத்த வரைக்கும் மாசாமாசம் தவறாம வந்த ஒரே வருமானம் ஞாயித்துக்கிழமை புள்ளைங்களுக்கு கிட்டார் சொல்லிக்குடுத்ததுதான். மேடையில கிடைக்காத மரியாதையும் அதுல கிடைச்சுச்சு, பழக் கூடையோட வருவாங்க.

*

அண்ணே, நான் எழுதி மெட்டுப் போட்ட பாட்ட ரெக்கோர்ட் பண்ண ஒருத்தர்கிட்ட குடுத்தேன். இப்ப யூடியூப்ல வரிகள், இசை எல்லாம் அவரு பேர்ல கெடக்கு, நான் "பாடகர்" மட்டும். கேட்டா "உனக்கு இலவசமாத்தானே ரெக்கோர்ட் பண்ணித் தந்தேன்"ங்கிறாரு. பாட்டு 40,000 வியூஸ் தாண்டிருச்சு.
பசறை

தம்பி, உன் கடிதாசியத்தான் நான் ரெண்டு நாள் திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

பேருன்னா என்னான்னு நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல. காலையிலருந்து மலையில நின்னு கொழுந்தெடுத்தும் நிறுவையில கிலோ கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முழுப்பேர் விழுந்துச்சா, அரைப்பேர் விழுந்துச்சான்னு எங்க அம்மா ஒவ்வொரு நாளும் கணக்கப்புள்ள புத்தகத்த எட்டி எட்டிப் பாப்பாங்க, எழுத்துத் தெரியாது, ஆனாலும் பாப்பாங்க. பாட்டுத் தொழிலும் அந்தப் புத்தகம்தான். மேடையில யாரு நிக்கிறான்னு சனம் பாக்கும், புத்தகத்துல யாரு பேர் விழுந்திருக்குன்னு நீ பாக்கணும்.

வில்லி நெல்சன்ங்கிற கன்ட்ரி பாடகர் கையில காசில்லாத காலத்துல ஒரு பாட்ட மொத்தமா 50 டொலருக்கு வித்துட்டாரு. 1960ல வேற ஒருத்தர் பாடி அது ஹிட்டாச்சு, எழுதினவங்க பட்டியல்ல வில்லி பேரே இல்ல. இன்னொரு பக்கம் டொலி பார்ட்டன். 1974ல அவங்க எழுதிப் பாடின ஒரு பிரிவுப் பாட்ட எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசப்பட்டாரு, எல்விஸ்னா அன்னைக்கு யாருன்னு உனக்குத் தெரியும், ரெக்கோர்டிங்க்கு எல்லாம் தயார், கடைசி நேரத்துல எல்விஸோட மனேஜர் பாட்டு உரிமைல பாதிய எழுதித் தரணும்னாரு. டொலி ராத்திரி முழுக்க அழுதாங்களாம், ஆனா தரல. 1992ல அதே பாட்ட விட்னி ஹூஸ்டன் ஒரு படத்துக்குப் பாடினாங்க, அமெரிக்காவுல 14 வாரம் மொத இடம், எழுதினவங்க பங்கு முழுசும் டொலிக்கு.

இப்ப உன் விஷயம். நம்ம நாட்டுல 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. பாட்ட நீ எழுதின நிமிஷத்துலயே உரிமை உனக்கு வந்துருது, எங்கயும் பதிவு பண்ணத் தேவையில்ல, உன் ஆயுசு முழுக்கவும் அதுக்குப் பிறகு 70 வருஷமும் அது நிக்கும். உரிமைய இன்னொருத்தருக்கு மாத்துறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். நீ ஏதாவது கையெழுத்து வச்சியா? இல்லன்னுதான் கடிதாசி சொல்லுது. அப்ப "இலவசமா ரெக்கோர்ட் பண்ணேன்"ங்கிற ஒரு வார்த்தை பாட்ட அவருக்குச் சொந்தமாக்காது. ரெக்கோர்டிங் வேலைக்கு அவருக்கு ஒரு மரியாதை இருக்கு, அதுக்குப் பேர் போடு, சல்லியும் பேசிக்குடு, ஆனா வரியும் மெட்டும் உன்னோடது.

ஆதாரம் தேடு. மொத மொத ஃபோன்ல முணுமுணுத்து ரெக்கோர்ட் பண்ணியிருப்ப, திகதியோட இருக்கும், அழிச்சிராத. கொப்பில அடிச்சுத் திருத்தி எழுதின பக்கம் இருந்தா அது இன்னும் நல்லது, திருடினவன் கொப்பில அடிச்ச அடையாளம் இருக்காது. கூட்டாளிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா அதையும் எடுத்து வை. எல்லாம் சேர்ந்ததும் மொதல்ல பண்பா, எழுத்துல கேளு, பேர மாத்துங்க, வருமானத்துக்கு இப்படி ஒரு பங்குன்னு. ரெண்டு கிழமை பாரு. அசையலன்னா யூடியூப்லயே கொப்பிரைட் முறைப்பாடு குடுக்க வழி இருக்கு, ஆனா அதுல பொய் சொன்னா உனக்கே திருப்பியடிக்கும், ஆதாரம் கையில இல்லாம அந்தப் பட்டன அமுக்காத. அதுக்கும் மேல போறதுன்னா ஒரு லோயரப் பாரு. ஃபேஸ்புக்ல போய் லைவ் போட்டுத் திட்டாத, அந்த ஆசை வரும், எனக்கும் வந்திருக்கு.

*

வீட்டுக்காரர் ஹோட்டல்ல கிட்டார் வாசிக்கிறவரு. வாசிச்ச சல்லிக்குப் பாதி போத்தலாத்தான் வீட்டுக்கு வருது. "கலைஞன்னா அப்படித்தான்"னு சொல்றாரு.
பெயர் வேண்டாம், ஹட்டன் பக்கம்

தங்கச்சி, அவருகிட்ட இத வாசிச்சுக் காட்டுங்க. ஹாங்க் வில்லியம்ஸ விடப் பெரிய கலைஞன் அந்தத் துறையில இல்லன்னு சொல்றவங்க நெறைய. 1949ல ஒப்ரி மேடையில ஏறினாரு, 1952 ஆகஸ்ட்ல குடியினால அதே மேடையிலருந்து அனுப்பிட்டாங்க, 1953 ஜனவரி 1ம் திகதி அடுத்த கச்சேரிக்குப் போற வழியில கார் பின் சீட்டுல செத்துக் கெடந்தாரு. வயசு 29. பிறவியிலயே முதுகெலும்புல குறை, அந்த வலிக்குன்னு எடுத்ததும் குடியும் சேர்ந்துதான் கொண்டுபோச்சு. நல்ல பாட்டு அவரு எழுதினதெல்லாம் குடியால இல்ல, குடியத் தாண்டி.

போத்தலா சம்பளம் குடுக்கிற இடத்துல வாசிக்க வேணாம்னு நான் சொல்லுவேன், நான் அப்படி ரெண்டு இடத்த விட்டேன். அவரால தனியா நிப்பாட்ட முடியலன்னா அது வெக்கம் இல்ல, பக்கத்து ஆதார வைத்தியசாலையில மனநலக் கிளினிக் எந்த நாள்னு கேளுங்க, 1926ங்கிற தேசிய மனநல உதவி நம்பரும் இருக்கு. கை ஓங்குறாருன்னா நீங்க கடிதாசில எழுதாம விட்டிருப்பீங்க, அப்படி ஏதும் இருந்தா எனக்கு எழுதிக்கிட்டு இருக்காதீங்க, மொதல்ல புள்ளைங்களோட அம்மா வீட்டுக்குப் போங்க.

*

46 வயசுல தொடங்கலாமா?
ஹப்புத்தளை

தொடங்குங்க. கன்ட்ரி பாடகர் ஜோனி கேஷ 1986ல அவரோட ரெக்கோர்ட் கம்பனியே கழட்டிவிட்டுச்சு, பழைய சரக்குன்னு. 1994ல, 62 வயசுல, தனிக் கிட்டார் ஒண்ணோட உக்காந்து பாடின ஆல்பம் வந்துச்சு, புள்ளைங்க வயசுக்காரங்கெல்லாம் தேடி வாங்கினாங்க. சார்லி ப்ரைட், மிசிசிப்பில பருத்தி பொறுக்கின குடும்பத்துப் புள்ளை, பேஸ்போல் ஆடிப் பாத்து, உலோகம் உருக்குற ஆலையில வேலை பாத்து, முப்பதத் தாண்டித்தான் பாட்டுல நின்னாரு, கறுப்பினத்தவர்னு தெரிஞ்சா ரேடியோவுல போட மாட்டாங்கன்னு கம்பனி மொதல்ல அவரு ஃபோட்டோவே அனுப்பல, 1971ல வருஷத்தோட சிறந்த கலைஞர் அவருதான்.

ஆனா ஒண்ணு, 46ல தொடங்குறவங்களுக்கு முழங்கால் வலிக்கும், ஸ்டூல் ஒண்ணு கொண்டுபோங்க.

*

மாமா, பனிக்கும் மழைக்கும் கிட்டார் தந்தி ரெண்டு கிழமையில துருப்பிடிச்சுப் போகுது, தந்தியும் அழுத்த முடியாம மேல தூக்கிக்கிட்டு நிக்குது. என்ன பண்ண?
போகவந்தலாவை

நம்ம ஊர்க் காத்துல ஈரம் அதிகம், பலகை ஈரத்தக் குடிச்சு உப்புது, அதனாலதான் தந்தி உயர்ந்த மாதிரி நிக்குது, கிட்டார் கெட்டுப்போகல. வாசிச்சு முடிச்சதும் பழைய பருத்தித் துணியால தந்திய மேலயும் கீழயும் துடை, கை வேர்வதான் பாதி துருவுக்குக் காரணம். சுவர்ல மாட்டாம பெட்டியிலயோ கவர்லயோ வை, புது சப்பாத்துப் பெட்டிக்குள்ள வருமே சிலிக்கா பொட்டலம், அத நாலஞ்சு உள்ள போடு, மாசத்துக்கு ஒருக்கா மாத்து. மேல பூச்சுப் போட்ட தந்தின்னு கடையில கேட்டுப்பாரு, விலை கூட, ஆனா நாலு மடங்கு நாள் நிக்கும். காயட்டும்னு அடுப்புக்கு மேல பரண்ல மட்டும் வச்சிராத. என் மொத கிட்டார எங்க அம்மா நல்ல மனசுல அப்படித்தான் வச்சாங்க, ஒட்டு விட்டு முதுகுப் பலகை தனியா கையோட வந்துச்சு, அந்தப் பலகையில அவங்க ஒரு வருஷம் ரொட்டி தட்டினாங்க.